டின் பாலில் கொழுப்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

குழந்தைகளுக்கான பால் பவுடர் டின்னைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கொழுப்பு நீக்கிய பசும்பால் பவுடர், அப்புறம் பாமாயில், சோயா எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று போகும். பசுவின் கொழுப்பை எடுத்துவிட்டு, தாய்ப்பாலில் எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவு கிட்டத்தட்ட வருகிற மாதிரி தாவர எண்ணெய்களைக் கலக்கிறார்கள். குழந்தைக்குக் கிடைக்கும் கலோரியில் ஏறக்குறைய பாதி இதிலிருந்துதான், ஆகவே சில்லறை விஷயம் இல்லை.

அளவு சரியாக வந்துவிட்டால் போதுமா என்றால், போதாது.

ஒரு கொழுப்பு மூலக்கூறில் கிளிசரால் என்ற தண்டும், அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொள்ள மூன்று இடங்களும் உண்டு. தாய்ப்பாலின் கொழுப்பு அமிலங்களில் 20 முதல் 25 சதவீதம் பால்மிட்டிக் அமிலம். அதில் 60 சதவீதத்துக்கு மேல் நடு இடத்தில் இருக்கும். பாமாயிலிலும் பால்மிட்டிக் ஏராளம்தான், ஆனால் அங்கே அது பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் என்ற நொதி ஓரங்களை மட்டும் வெட்டும், நடுவை விட்டுவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, நடுவில் இருக்கும் பால்மிட்டிக் தண்டோடு சேர்ந்தே சுலபமாக உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பாமாயில் கலந்த பாலில் அது தனியே கழன்று விழுகிறது. பால்மிட்டிக் அமிலம் உருக 63 டிகிரி வேண்டும், குழந்தையின் வயிற்றில் இருப்பதோ 37 டிகிரி, ஆகவே அது உருகாது. கழன்ற அமிலம் சும்மா இருக்காமல் பாலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாகிவிடும். போர் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திப்பி திப்பியாக ஒதுங்குமே, அதே வேதியியல்தான் குடலுக்குள்ளும் நடக்கிறது. பலன்: கொழுப்பும் போச்சு, கால்சியமும் போச்சு, மலமும் கெட்டியாகிவிடும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை முக்கி முக்கி மலம் கழிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சரி, இதில் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கு என்ன வேலை? சிறுகுடல் உறிஞ்சாமல் விட்டதெல்லாம் பெருங்குடலுக்குத்தான் போகும், அவை குடியிருப்பதும் அங்கேதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் பெரும்பாலும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாக்களின் ராஜ்யம். அவை தின்பது கொழுப்பை அல்ல, தாய்ப்பாலில் மட்டும் நிறைய இருக்கிற, குழந்தையால் செரிக்க முடியாத சிறப்புச் சர்க்கரைகளை. அவற்றைத் தின்று அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் வெளியிடுவதால் குடல் புளிப்பாக இருக்கும், நோய் உண்டாக்கும் பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. கொழுப்பு அவற்றின் சாப்பாடு இல்லை, ஆனால் சூழலை மாற்றுகிறது. சில கொழுப்பு அமிலங்கள் நேரடியாகவே கிருமிகளின் உறையைக் கிழிக்கும். தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலமும், அதிலிருந்து வரும் மோனோலாரினும் அந்த வகை. எந்த எண்ணெய் எவ்வளவு கலக்கிறது என்பதும், எவ்வளவு செரிக்காமல் கீழே போகிறது என்பதும் அங்கே யார் பிழைப்பார்கள் என்பதில் கை வைக்கின்றன.

பால்மிட்டிக் கழன்று விழும் சிக்கலுக்குத் தொழிற்சாலையில் கண்ட வழி, ஓரங்களை மட்டும் வெட்டுகிற அதே வகை நொதியைக் கொண்டே எண்ணெயைத் திருத்தி அமைப்பது. நடுவில் பால்மிட்டிக்கை விட்டுவிட்டு ஓரங்களில் ஓலியிக் என்ற வேறொரு கொழுப்பு அமிலத்தை ஏற்றுவார்கள். டின்னில் ஓபிஓ (OPO) என்றோ பீட்டா பால்மிட்டேட் என்றோ இருந்தால் அது இதுதான். இதைக் குடித்த குழந்தைகளுக்கு மலம் இளகியதும், அதில் கால்சியம் சோப்பு குறைந்ததும் பல சோதனைகளில் தெளிவாகவே தெரிந்தன. பிஃபிடோபாக்டீரியா கூடியதாகச் சில சோதனைகள் சொல்கின்றன, வேறு சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னைக் கேட்டால் மலச்சிக்கலுக்காக இதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது, 'நல்ல பாக்டீரியா வளரும்' என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். (இந்தியாவில் இந்தப் பவுடர்களை விளம்பரம் செய்வதற்கே 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது, எனவே டின்னைத் திருப்பிப் படிப்பதுதான் வழி.)

கொழுப்புத் துளியின் உருவமும் வேறு. தாய்ப்பாலில் ஒரு துளி சுமார் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மூன்றடுக்குச் சவ்வு போர்த்தியது. பவுடர் பாலில் அது அரை மைக்ரானுக்குப் பக்கம், சுற்றிலும் பால் புரதம் ஒட்டியிருக்கும். சில நிறுவனங்கள் இப்போது பசும்பாலிலிருந்து அந்தச் சவ்வைப் பிரித்தெடுத்துச் சேர்க்கின்றன.

பவுடரில் வராத ஒன்றும் உண்டு. பிறந்த குழந்தையின் கணையத்தில் லைப்பேஸ் குறைவு, அந்தக் குறையை ஈடுகட்ட தாய்ப்பால் தன்னோடே ஒரு லைப்பேஸைக் கொண்டு வருகிறது. பசும்பாலில் அது கிடையாது. சூட்டுக்கும் அது தாங்காது: தாய்ப்பால் வங்கிகளில் தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைக்கும்போது அது செயலிழந்துவிடும், கொழுப்புச் செரிமானமும் கொஞ்சம் குறையும். ஆனாலும் குறைமாதக் குழந்தைக்குத் தாயின் பால் கிடைக்காவிட்டால் பவுடருக்கு முன்னால் வங்கிப் பாலைத்தான் மருத்துவர்கள் தேடுகிறார்கள். குடல் அழுகிப்போகும் ஆபத்து அதில் குறைவு, பிஃபிடோபாக்டீரியா தின்னும் அந்தச் சர்க்கரைகளும் சூட்டில் கெடுவதில்லை.