மரபணு மாற்றிய கொசுவும் நம் கருத்தும்: தோட்டத்து மக்களும் எழுதலாம்

2010 டிசம்பர் 21 அன்று, மலேசியாவின் பகாங் மாநிலம் பெந்தோங் அருகே ஆள் குடியில்லாத காட்டில், மரபணு மாற்றிய ஏடிஸ் ஆண் கொசுக்கள் சுமார் 6,000 விடப்பட்டன. ஆண் கொசு கடிக்காது. டிங்கிக் காய்ச்சல் பரப்பும் இனத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வின் தொடக்கம் அது. செய்தி பரவலாகத் தெரிய வந்தது 2011 ஜனவரியில்தான். சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் சொல்லவில்லையே என்று பொது அமைப்புகள் கேள்வி எழுப்பின. ஆனால் அனுமதிக்கு விண்ணப்பித்தபோதே பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. அது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் வரை எட்டவில்லை.

2007 ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மரபணு மாற்றிய உயிரையோ அதன் பொருளையோ வெளியே விட, இறக்குமதி செய்ய அனுமதி கேட்டால், தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியம் முடிவெடுக்கும். அதற்கு முன் அறிவியல் ஆலோசனைக் குழு பரிசீலிக்கும். பொதுமக்கள் கருத்தும் கேட்கப்படும். பெரும்பாலும் வருவது சோளம், சோயா விண்ணப்பங்கள்தான், கோழித் தீவனத்துக்கும் உணவுக்கும். அறிவிப்பு உயிரியல் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் வரும், வழக்கமாக ஒரு மாத அவகாசத்தோடு.

எங்கள் பக்கம் பேசிப் பார்த்தால் இரண்டு பதில்தான் வரும். "படிச்சவங்க பார்த்துக்குவாங்க." "சொல்லி என்ன ஆகப்போகுது?" இரண்டாவதில் நியாயம் உண்டு; நம் கருத்து ஓட்டு அல்ல, வாரியம் அதை அப்படியே ஏற்க வேண்டியதும் இல்லை. முதலாவதை நான் ஏற்கமாட்டேன். மழைக்குப் பிறகு லயத்துப் பின்புறச் சாக்கடையில் எத்தனை நாள் தண்ணீர் தேங்குகிறது, புகை அடிக்கும் வண்டி எந்த வரிசையோடு திரும்பிப் போய்விடுகிறது, டிங்கி வந்தால் கூலி போகுமே என்று யார் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற அக்காவுக்குத் தெரியும். கொசு வளரும் இடமும் நோய் முற்றும் காரணமும் அதில்தான் இருக்கின்றன.

சரி, என்ன எழுதுவது? விண்ணப்பத்தின் பெயர், உங்கள் ஊர், நீங்கள் கண்ணால் பார்த்தது, உங்கள் கேள்வி. மரபணு பாடம் தேவையில்லை. "விட்ட பிறகு எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? ஏதாவது ஆனால் யாரிடம் போவது?" என்று கேட்டாலே போதும். தமிழில் எழுதி, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து மலாயில் மாற்றி வாங்கலாம். கோயில் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. கடைசித் தேதி அறிவிப்பிலேயே இருக்கும். அதற்கு முன் அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.