‘கடவுச்சொல் மீட்பு’: ஸிப் கோப்புக்குப் பொருந்தாத சொல்

“அண்ணை, இந்த ஸிப் ஃபைலின்ரை பாஸ்வேர்டை மீட்டுத் தாங்கோ.” யாழ்ப்பாணத்துக் கணினி திருத்தும் கடைகளில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஸிப் என்பது கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி; கடவுச்சொல் போட்டு அதைப் பூட்டலாம். கேட்பவரில் பிழையில்லை. ‘பாஸ்வேர்ட் றிக்கவரி’யைக் ‘கடவுச்சொல் மீட்பு’ என்று எழுதி வைத்தவர்கள்தான் அவருக்கு இதைப் பழக்கினார்கள்.

‘கடவுச்சொல்’ நல்ல சொல். ‘கட’ என்ற அடி; கடவுச்சீட்டு, புகையிரதக் கடவை என்று நாங்கள் அன்றாடம் புழங்கும் சொற்களுக்கு உறவு. குறை ‘மீட்பி’ல்தான். மீள்தல் தானாகத் திரும்புவது, மீட்டல் திருப்பிக் கொண்டுவருவது. ஈடு வைத்த சங்கிலியை மீட்கிறோம். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போனவர்கள் கரந்தைப் பூச் சூடினார்கள். சோதனைக்கு முன் பிள்ளைகள் பாடங்களை மீட்டிப் பார்க்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் மீட்கும் பொருள் எங்கேயோ முழுதாக இருக்கிறது.

ஸிப் கோப்புக்குள் கடவுச்சொல் இல்லவே இல்லை. நாம் கொடுக்கும் சொல்லிலிருந்து மென்பொருள் ஒரு திறவுகோலைக் கணித்து, அதைக் கொண்டு உள்ளடக்கத்தை மறைகுறியாக்குகிறது. சொல்லை எங்கும் எழுதி வைப்பதில்லை. ஏஇஎஸ் என்ற புதிய மறைகுறியாக்க முறையில் பூட்டிய ஸிப்பில், கொடுத்த சொல்லைச் சட்டென்று சோதிக்க 2 பைட் மட்டும் இருக்கும். அதிலிருந்து சொல்லைத் திருப்பி எடுக்க வழியில்லை. கடைக்காரர் பயன்படுத்தும் ஹாஷ்காட், ஜோன் த ரிப்பர் போன்ற மென்பொருள்கள் ஒரு சொல்லைப் போட்டுப் பார்க்கின்றன, பொருந்தாவிட்டால் அடுத்ததைப் போடுகின்றன. 6 இலக்க எண் என்றால் 10 லட்சம் சாத்தியங்கள்தான், சுருக்காக முடிந்துவிடும். ஆங்கிலச் சிற்றெழுத்து 8 என்றால் 20,000 கோடியைத் தாண்டும். இந்த வேலைக்குத் தமிழில் தேடல் என்றுதான் பெயர். ‘கடவுச்சொல் தேடல்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

‘உடைத்தல்’ என்பாரும் உண்டு. தேடும்போது எதுவும் உடைவதில்லை. ஆனால் ஏஇஎஸ்ஸுக்கு முந்திய பழைய ஸிப் பூட்டுக்கு அது பொருந்தும். உள்ளே இருப்பதில் ஒரு பகுதி ஏற்கெனவே கையில் இருந்தால், கடவுச்சொல் தெரியாமலே உள் திறவுகோல்களைக் கணித்துவிடலாம் என்று 1994இல் மறைகுறி ஆய்வாளர்கள் பிஹாமும் கோச்சரும் காட்டினார்கள். அது மறைகுறியையே உடைக்கிற வேலை.

மீட்பு என்று சொல்வதால் வரும் கெடுதல் சின்னதல்ல. சொல் கோப்புக்குள் கிடக்கிறது என்று நம்பி, வந்தவர் காசைக் கட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். திருத்துபவருக்கு வேண்டியதோ அவருடைய அரைகுறை நினைவு: ஊர்ப் பெயர் போட்டாரா, பிறந்த ஆண்டைச் சேர்த்தாரா, பெரிய எழுத்தில் தொடங்கினாரா? ‘தேடிப் பார்க்கிறோம்’ என்றால் அவரே இதையெல்லாம் சொல்லத் தொடங்குவார். கிடைக்காமல் போகலாம் என்பதும் அவருக்கு விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். சொற்பட்டியலில் றிக்கவரிக்கு நேரே ‘மீட்பு’ ஒருமுறை ஏறிவிட்டால், நோயாளி தேறுவதும் மீட்பு, கடன் அறவிடுவதும் மீட்பு ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. மின்னஞ்சலுக்குக் ‘கணக்கு மீட்பு’ என்று எழுதுங்கள், சரி. கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது, ஆள் நீங்கள்தான் என்று காட்டினால் திருப்பித் தருவார்கள். ஸிப் கோப்பின் கடவுச்சொல்லைத் திருப்பித் தர யார் இருக்கிறார்கள்?