நனைந்தாலும் குளிராத சட்டை

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஸ்வீடனின் கால்மார் நகரில் ஆகஸ்ட்டில் நடக்கும் அயர்ன்மேன் போட்டிக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானில் நீண்ட ரகம்) பெயர் கொடுத்திருக்கிறாராம். அடுத்த மாதம் அங்கேயே, நீந்துவதும் ஓடுவதும் மாறி மாறி வரும் ஒரு ஸ்விம்ரன் போட்டியிலும் இறங்க ஆசை. குளிர்ந்த தண்ணீரில் நீந்தப் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடுப்பான வெட்சூட்டைப் பற்றித்தான் கேள்வி. "ஒரே வெட்சூட் இரண்டுக்கும் ஆகுமா? 3 மில்லிமீட்டரா, 5 மில்லிமீட்டரா? உள்ளே நுழைகிற தண்ணீரை உடம்பு சூடாக்கி வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால் கொஞ்சம் லூசாக வாங்குவதுதானே நல்லது?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தப்பு, ஆனால் ருசியான தப்பு.

உடம்புக்கும் வெட்சூட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூட் மூடும் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர் என்றால், அந்த இடைவெளியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 18 டிகிரித் தண்ணீரைத் தோலின் சூடான 33 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 95,000 ஜூல் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நொடிக்கு 100 ஜூல் அளவில்தான் வெப்பம் வெளியிடுகிறார். அதாவது கால் மணி நேரச் சம்பாத்தியம் அந்த ஒரு மில்லிமீட்டருக்கே போய்விடும். நீந்தும்போது உடம்பு இதைவிடப் பல மடங்கு வெப்பம் தரும், சரி. ஆனால் சூட் லூசாக இருந்தால் கையை வீசும் ஒவ்வொரு முறையும் சூடான தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். கடலையே காய்ச்சக் கிளம்பிய கதைதான்.

அப்படியானால் குளிரைத் தடுப்பது எது? தண்ணீர் அல்ல, காற்று. இன்னும் சரியாகச் சொன்னால், பூட்டி வைத்த வாயு.

தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 20 டிகிரிக் காற்றில் சட்டையில்லாமல் திண்ணையில் உட்காரலாம். அதே 20 டிகிரிக் குளத்தில் கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்கும். எனவே உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும், அந்தக் காற்று நகரவும் கூடாது. நகர்ந்தால் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் நூற்றுக்கு 98 பங்கு காற்றுதான். ஆனால் குட்டிக் குட்டி அறைகளில் அடைபட்டுச் சுழல வழியில்லாத காற்று.

வெட்சூட்டின் நியோப்ரீனும் அதே சாதிதான். நியோப்ரீன் என்பது 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த செயற்கை ரப்பர். அதன் மாவில், சூடானால் நைட்ரஜனைக் கக்கும் ஒரு வேதிப்பொருளைக் கலந்து அச்சில் வேகவைப்பார்கள். ஆப்பசோடா செய்யும் வேலைதான். பொங்கி வரும் ரப்பர் பாளத்தை மெல்லிய தாள்களாகச் சீவி எடுப்பார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பழைய முழங்கால் பட்டை ஒன்றைக் கத்தரியால் வெட்டி, வெட்டுவாயை லென்ஸில் பார்த்தேன். இட்லியைப் பிட்டது போல ஒரே துளை மயம். ஆனால் இட்லியின் துளைகள் ஒன்றுக்கொன்று வழி விட்டிருப்பவை. அதனால்தான் அது சாம்பாரை உறிஞ்சுகிறது. நியோப்ரீனில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிச் சுவர், கதவே கிடையாது. பட்டையை ராத்திரி முழுக்கப் பக்கெட்டில் அமுக்கி வைத்துக் காலையில் வெட்டினாலும் நடுப்பகுதி காய்ந்தே கிடந்தது. துணி உறை மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. சாம்பார் குடிக்காத இட்லி என்று அன்றைக்குப் பேர் வைத்தேன். வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

இந்தக் குமிழிகளின் அருமையை முதலில் உணர்ந்தவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அணுகுண்டுத் திட்டத்தில் லாஸ் அலமோஸில் வேலை பார்த்தவர். 1951 வாக்கில், கடற்படை முக்குளிப்பவர்கள் குளிரில் வாடுவதைப் பற்றி யோசித்தபோது, உடம்பை நனையாமல் காப்பது வீண் வேலை என்று அவருக்குத் தோன்றியது. காப்பு துணியிலேயே இருந்தால் ஆள் நனைந்தால்தான் என்ன? சூட்டின் பெயரிலேயே 'வெட்' என்று ஈரம் வந்தது இப்படித்தான். கடற்படை தயங்கியது. ஒலியை அனுப்பி எதிரொலியால் நீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சோனாரில் அதே குமிழிகள் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயம். பிராட்னர் இதில் பெரிதாகக் காசு பார்க்கவில்லை. கடல் அலைச்சறுக்கு வீரர்களுக்கு விற்றவர்கள்தான் பார்த்தார்கள். அணு இயற்பியலாளர் ஒருவர் நீச்சல் உடுப்பைப் பற்றி யோசிக்க நேரம் கேட்டால் இன்றைக்கு எந்த நிதிக்குழு கொடுக்கும்? உங்கள் துறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

இனி நம் வாசகரோடு கடைக்குப் போவோம். டிரையத்லான் வீரருக்குக் குமிழி இன்னொரு வேலையும் செய்கிறது: மிதக்க வைக்கிறது. ஒன்றரை சதுர மீட்டர், சராசரி 3 மில்லிமீட்டர் என்றால் சூட்டின் கன அளவு நாலரை லிட்டர். எடை ஒன்றரைக் கிலோ என்றால், ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி மூன்று கிலோ அளவுக்கு உங்களை மேலே தூக்கும். அந்தத் தூக்கல் எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். நம் நெஞ்சில் காற்றுப் பை இருக்கிறது, கால்களில் இல்லை. ஆகவே கால் தாழும், உடம்பு சாய்வாகும், தண்ணீர் முட்டும் பரப்பு கூடும். தொடையில் தடிமனான நியோப்ரீன் இருந்தால் கால் மேலே வந்து உடம்பு பலகை போல் படுக்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1989இல் அளந்தபோது, நொடிக்கு 1.25 மீட்டர் வேகத்தில் தண்ணீரின் எதிர்ப்பு 14 விழுக்காடு குறைந்திருந்தது. நன்றாக நீந்துபவரைவிடக் கால் தாழ நீந்தும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

இது கிட்டத்தட்ட காசு கொடுத்து வாங்கும் வேகம் என்பதால்தான் விதிகள். தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அயர்ன்மேனில் பொதுப் பிரிவினருக்குத் தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட்டோடு பரிசுக்குப் போட்டியிட முடியாது. கோவா, சென்னைக் கடல்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆக, மூன்றா ஐந்தா என்பது பாதிக் கேள்விதான். நல்ல டிரையத்லான் சூட்டில் தொடையிலும் மார்பிலும் 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். தோளில் ஒன்றரை, இரண்டு. அயர்ன்மேனின் 3.8 கிலோமீட்டரை நீந்த ஏறக்குறைய நாலாயிரம் முறை கை சுழல வேண்டும். தடித்த ரப்பரை நாலாயிரம் முறை இழுத்துப் பாருங்கள், அப்புறம் சைக்கிள் ஹேண்டிலைப் பிடிக்கத் தோள் இருக்காது.

போட்டுப் பார்க்கும்போது கவட்டைப் பாருங்கள். அங்கே இரண்டு விரல் தொங்கினால் அந்த நீளத்தைத் தோள்தான் கொடுக்க வேண்டிவரும். இடுப்புக்கு மேலே முதுகுக் குழியிலும் அக்குளிலும் உள்ளங்கையால் அமுக்கினால் காற்று பொதபொதக்கக் கூடாது. அதுதான் நாளைக்குத் தண்ணீர் தேங்கும் இடம். காலில் பிளாஸ்டிக் பையை மாட்டி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் இழுக்காதீர்கள், வழவழப்பான மேல்தோல் பிறை வடிவில் கிழியும். முதல் தடவை நான் ஜிப்பை முன்பக்கம் வைத்து மாட்டிக்கொண்டு, கழுத்து ஏன் இப்படி நெரிக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவன்.

ஸ்விம்ரன்னில்தான் ஜிப் நிஜமாகவே முன்னால். அந்த விளையாட்டே 2002இல் ஸ்வீடனில் உட்டோ தீவின் விடுதியில் நாலு பேர் போட்ட பந்தயத்தில் பிறந்தது: உட்டோவிலிருந்து சாண்ட்ஹாம்ன் வரை, தீவுகளை ஓடிக் கடந்து நடுக்கடலை நீந்திக் கடக்க வேண்டும். முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. 2006 முதல் அது முறையான போட்டி, எதிர்த்திசையில். மொத்தம் சுமார் 75 கிலோமீட்டர், அதில் நீச்சல் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. சூட்டைப் போட்டபடி ஓட வேண்டும், ஷூ போட்டபடி நீந்த வேண்டும். தண்ணீரில் குளிரைத் தடுத்த அதே குமிழிகள் ஓடும்போது வேர்வை ஆவியாவதையும் தடுத்து ஆளை வேகவைக்கும். அதனால் முன் ஜிப்பை இடுப்பு வரை இறக்கிவிடுவார்கள். முட்டி மடங்க வேண்டுமே என்று கால் பகுதி குட்டை. போன மிதப்பை ஈடுகட்ட, மிதவைத் துண்டு ஒன்றை எலாஸ்டிக்கால் தொடையில் கட்டியிருப்பார்கள். கரையேறியதும் அதை வெளிப்பக்கம் தள்ளிவிட்டு ஓட்டம். பாறையில் உட்கார்ந்து சறுக்க வேண்டியிருப்பதால் பின்பக்கம் துணி ஒட்டிய நியோப்ரீன்.

இரண்டுக்கும் ஒரே சூட்டா? ஆரம்ப காலத்தில் பழைய டிரையத்லான் சூட்டின் முழங்காலைக் கத்தரித்துத்தான் ஸ்விம்ரன் ஓடினார்கள். பழையது கையில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கால்மாருக்கென்று புதிதாக வாங்கியதைக் கத்தரிக்க மனசு வராது. கால்மாருக்கு வாங்குங்கள், ஸ்விம்ரன்னுக்கு வாடகைக்கு எடுங்கள்.

உள்ளே டைட்டானியம் பூச்சு, உடல் வெப்பத்தைக் கண்ணாடி போல் திருப்பி அனுப்பும் என்று ஒரு ரகம் வரும், விலையும் கூட. உடம்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் தண்ணீரில் ஒரு தலைமுடி தடிமன்கூடத் தாண்டாது. ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் சூட்டில் அந்தக் கண்ணாடிக்கு எதிரொளிக்க என்ன இருக்கிறது? ராசிக்கல் மோதிரத்துக்கும் இதற்கும் விலைப்பட்டியலில் மட்டும்தான் வித்தியாசம்.

வாங்கிய சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில் இடுப்பில் மடித்துத் தடித்த ஹேங்கரில் போடுங்கள். மொட்டை மாடிக் கொடியில் சித்திரை வெயிலில் காயப்போட்டால் ரப்பர் வெடிக்கும்; மேலே பெட்டியை ஏற்றி வைத்தால் குமிழி நசுங்கும். நசுங்கிய குமிழி திரும்ப உப்பாது.