கடல் தெரியும் ஃப்ளாட்டை கார் பார்க்கிங்கிலிருந்து பாருங்கள்

கடலைப் பார்த்த ஃப்ளாட்டைக் காட்டும் தரகர் யாரும் காலை பதினோரு மணிக்கு வரச் சொல்வதில்லை. சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குத்தான் கூப்பிடுவார். அப்போது வெயில் கட்டடத்தின் பின்பக்கம் போயிருக்கும். பால்கனிக் கதவை இழுத்ததும் கடற்காற்று முகத்தில் அடிக்கும். கூட வந்தவர் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார். பேரத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். பழைய ஃப்ளாட் வாங்குமுன் கட்டடத்தைப் பார்த்து அறிக்கை எழுதித் தருவது என் தொழிலில் ஒரு பகுதி. சென்னையில் சாந்தோமில் தொடங்கி பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை வரை கடலோரமாக நிறைய ஏறி இறங்கியிருக்கிறேன். நான் காலையில்தான் போவேன். முதலில் கார் நிறுத்தும் இடத்துக்குப் போவேன், வீட்டுக்குள் கடைசியாகத்தான் நுழைவேன்.

சென்ற வருடம் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒரு பெண் அழைத்தார். பன்னிரண்டு வயதுக் கட்டடம், பதினான்காவது மாடி, ஒரு படுக்கையறை. விளம்பரத்தில் 720 சதுரடி. அவருடைய அப்பாவும் வந்திருந்தார். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் பக்கம் நடந்த மகளிடம், "இரும்மா, சார் கீழ என்னவோ பாக்கணும்றாரு" என்றார்.

கீழே தூண்கள் எல்லாம் பழைய வெள்ளை. நான்கு தூண்களில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பூச்சு, புது பெயின்ட். சுத்தியலை எடுக்கப் பையைத் திறந்தேன். அதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தார். மேலே கல்லில் தட்டியது போல 'டக்'. கீழே காலி டப்பாவில் தட்டியது போல 'டப்'. "உள்ள விட்டுப்போச்சு சார்" என்றார். அறிக்கையில் நான் அதையே மூன்று வரிக்கு எழுதினேன்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்கு சிமென்ட்டின் காரத்தன்மைதான் காரணம். அது கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடாக விரிசல் விழுவது இதனால்தான். சுவரில் சிலந்திவலை மாதிரி தெரியும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். தூணிலும் உத்திரத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தால் கவலைப்படுங்கள்.

உப்பு கம்பியை எட்ட எத்தனை வருடம் ஆகும் என்பது கம்பிக்கு மேல் எவ்வளவு காங்கிரீட் மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சைட்டில் இதை 'கவர்' என்போம். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன்படி கடலோரச் சூழலில் 45 மில்லிமீட்டர் வேண்டும், கடல்நீர் தெளிக்கும் இடமென்றால் 50. வரைபடத்தில் இருக்கும். காங்கிரீட் போடும் அன்று ஒருவர் கம்பி மேல் ஏறி நடந்து, அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் 'கவர் பிளாக்' கட்டை நழுவியிருந்தால் அந்த இடத்தில் 20தான் மிஞ்சும். காங்கிரீட் இறுகிய பிறகு கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டர் இருக்கிறது. காங்கிரீட்டைத் துளைத்துப் பொடி எடுத்து குளோரைடு அளவையும் பார்க்கலாம். ஃபீனால்ஃப்தலீன் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்து, "ரோஸ் கலர் வந்துருச்சு, கட்டடம் நல்லா இருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. அது காரத்தன்மை மிச்சம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும், உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடலோரத்தில் அந்த ஒரு சோதனையோடு நிறுத்துகிறவரை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் மேலே போனோம். வீடு பளிச்சென்று இருந்தது. பால்கனியில் புது டைல்ஸ். எனக்கு அதுதான் உறுத்தியது. பால்கனி சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, அதன் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் உப்பு ஈரம் முதலில் பதம் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். சுவரும் பால்கனித் தளமும் சேரும் இடத்தில் விரிசல் வந்தால் விளையாட்டில்லை. டைல்ஸ் போட்டுவிட்டால் அது தெரியாது. அதனால் தலையைத் தூக்கி மேல் வீட்டு பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். அதே கொத்தனார் கட்டியது, அதே காற்று, மேல் வீட்டுக்காரருக்கு விற்கும் அவசரம் இல்லை. அங்கே பழுப்புக் கறையும், ஓர் ஓரத்தில் பெயர்ந்த காங்கிரீட்டும் இருந்தன.

ஏசியின் வெளி யூனிட்டையும் பாருங்கள். பின்பக்கத் தகடுகள் கை பட்டதும் அப்பளமாக நொறுங்கினால், அந்தச் சுவருக்கு எவ்வளவு உப்பு வந்து சேருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஜன்னலுக்கு அடியில் ஈரக் கறை இருந்தால், 2016 வர்தா புயலிலோ 2023 மிக்ஜாமிலோ மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். பேஸ்மென்ட்டில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, ஜெனரேட்டர் எங்கே இருந்தது என்பதையும் அவரே சொல்லுவார்.

ஒரு படுக்கையறை வீட்டுக்கு என்றே சில விஷயங்கள் உண்டு. 720 சதுரடி என்பதில் லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கிறது. நான் டேப் வைத்து அளந்தபோது கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நிஜமாகப் புழங்கும் தரை, 465. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கணக்கில் பால்கனி கார்பெட் ஏரியாவில் சேராது, ஆக நீங்கள் மயங்கி நின்ற அந்த இடம் 465க்கு வெளியே. யூ.டி.எஸ். என்கிற பிரிக்கப்படாத நிலப்பங்கு பத்திரத்தில் 245 சதுரடி என்று இருந்தது. அடுக்குமாடி உயர உயர அந்தப் பங்கு சுருங்கும். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்கள் பெயரில் இருக்கும் மண் அவ்வளவுதான்.

கடல் தெரியும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதித் தர மாட்டார்கள். "முன்னாடி சி.ஆர்.இசட். சார், எவனும் கட்ட முடியாது" என்றார் தரகர். கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் மண்டலத்தைத்தான் சி.ஆர்.இசட். என்கிறார்கள். நகரத்துக்குள் ஏற்கெனவே சாலை இருக்கும் இடத்தில், சாலைக்கு நிலப்பக்கம் விதிகளுக்கு உட்பட்டுக் கட்ட அனுமதி உண்டு. எதிரே காலி மனை இருந்தால் அது சாலைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி, கட்டி முடித்த சான்று இவற்றை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டமைப்புக் குறைக்கு பில்டர் பொறுப்பு என்று ரெரா சொல்வது, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்கு மட்டும்தான். பன்னிரண்டு வயதுக் கட்டடத்தில் அந்தக் கதவு மூடியாயிற்று, இனி செலவு ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்தினுடையது.

சங்கம் என்றதும் இன்னொன்று. சின்ன ஃப்ளாட் நிறைய இருக்கும் கட்டடத்தில் பாதிப் பேர் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பார்கள். தூண் வெடித்திருப்பதை அவர்கள் வாட்ஸப் படத்தில்தான் பார்ப்பார்கள். பழுதுக்குப் பணம் கேட்டால் கூட்டத்துக்கு ஆள் சேராது. ஆகவே கடைசி மூன்று வருடக் கூட்டக் குறிப்பையும் சங்கத்தின் சேமிப்பு நிதியான கார்ப்பஸ் ஃபண்ட் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். நாங்கள் கேட்டபோது செயலாளர் கொடுத்தார். தூண் பழுதுக்கு வாங்கிய கொட்டேஷன் ஒன்றரை வருடமாக முடிவில்லாமல் கிடந்தது.

அந்தக் கொட்டேஷனில் இந்த வீட்டின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதை விலையில் குறைக்கச் சொல்லி என் அறிக்கையோடு கேட்டார்கள். விற்பவர் பத்து நாள் பதில் சொல்லவில்லை, பிறகு கேட்டதில் பாதியைக் குறைக்கச் சம்மதித்தார். மகள் சரி என்றார். அப்பா அன்று மாலையே எனக்கு போன் செய்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த பால்கனிக் கதவு பழசு. கீலு மூணும் புதுசு. ஸ்குரூவுல கீறல்கூட இல்ல. பழைய கீலு எந்த லட்சணத்துல இருந்துச்சுன்னு அவங்களையே கேக்கலாமா?"

கேளுங்கள் என்றேன். கேட்டாராம். அந்த வாரம் இன்னும் இரண்டு லட்சம் குறைந்தது.