வெயிலில் மட்டும் தெரியும் சிலந்தி வலை

கருங்கலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஓணத்துக்கு முன்னால் கருப்பு நிறத்தில் புதுக் கார் எடுத்தோம். வாரா வாரம் வாட்டர் வாஷ் கொடுக்கிறோம். நிழலில் நிறுத்தினால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலுக்கு வந்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகச் சிலந்தி வலை. வாஷ் பண்ணுகிற பையன் துணியை வட்டமாகச் சுழற்றித் தேய்த்ததால் வந்தது என்கிறார் என் மைத்துனர். பாலிஷ் போட்டால் போகுமா? செராமிக் கோட்டிங் அடித்தால் இனி வராதா?"

அந்தப் பையன் மேல் பாதிப் பழிதான் நிற்கும். கீறல்கள் அவர் துணியால் வந்திருக்கலாம். வட்டங்கள் அவர் போட்டவை அல்ல. அவற்றை உண்டாக்குவது சூரியனும் உங்கள் கண்ணும்தான். அது எப்படி என்பதற்கு வருகிறேன், அதற்கு முன் பெயிண்ட் பற்றிச் சுருக்கமாக.

எஃகுத் தகட்டின் மேல் பாஸ்பேட் படலம், அதன்மேல் மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு, பிறகு பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான், அதாவது நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் வரை. நாம் பளபளப்பு என்று சொல்வதெல்லாம் இந்த மேல்படலத்தின் வழவழப்பு. என்னதான் பெரிய பெயர் சொன்னாலும் அது ஒரு பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக்கைக் கீற நம் மாவட்டத்தில் என்ன பஞ்சம்? கன்னியாகுமரிக் கடற்கரையில் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே பல நிற மணல், தேவியின் நின்றுபோன கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் மணலாகிவிட்டன என்பது ஐதீகம். கனிமக் கணக்குப்படி அதில் சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட், இன்னும் சிர்கான், மோனசைட் எல்லாம் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டுபிடித்ததில்தான் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கனிம மணல் வரலாறு ஆரம்பிக்கிறது. நமக்கு இங்கே முக்கியம் கடினத்தன்மை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சிர்கான் 7.5, கார்னெட் 6.5 முதல் 7.5 வரை. உப்புத்தாளுக்கே கார்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, வெள்ளைக் காரின் வெண்மைக்குக் காரணமான டைட்டானியம் டை ஆக்சைடின் மூலப்பொருள்களில் ஒன்று அந்தக் கருப்பு இல்மனைட்தான்.

கடற்கரைக்குப் போகாத காரும் தப்ப முடியாது. ஆரல்வாய்மொழிக் காற்று இருக்கிறது, கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் இருக்கின்றன. அந்த லாரி ஒன்றின் பின்னால் தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை ஊர்ந்தால் போதும், பானெட்டில் வேண்டிய அளவு கல்தூள் சேர்ந்துவிடும். காலையில் வண்டியை எடுக்கும் முன் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு துடைக்கிறோமே, சிலந்தி வலையின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. துணி குற்றவாளி அல்ல. துணிக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவே மாட்டிய மணல்தான் குற்றவாளி.

சரி, இப்போது வட்டத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதும் ஆசையே இதற்காகத்தான்.

ஒரு நுண்கீறலைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது நீளமான, மெல்லிய ஒரு பள்ளம். குறுக்கே வெட்டினால் அதன் சுவர் வளைந்திருக்கும், அதில் எல்லாச் சாய்வும் உண்டு. அதனால் குறுக்குவாட்டில் பட்ட ஒளியை அது பல பக்கமும் சிதறடிக்கும். நீளவாட்டில் அது வெறும் நேர்கோடு. அங்கே ஒளிக்குச் சலுகை கிடையாது, எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில்தான் போக வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் சேர்த்தால், ஒரு கீறலில் பட்ட ஒளி கீறலையே அச்சாகக் கொண்ட ஒரு கூம்பின் பரப்பில் மட்டும் பரவும். உங்கள் கண் அந்தக் கூம்பின் மேல் விழுந்தால் கீறல் மின்னும். விழாவிட்டால் அப்படி ஒரு கீறல் இருப்பதே தெரியாது.

இப்போது பானெட்டில் சூரியனின் பிம்பம் தெரியும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அங்கே பட்ட ஒளி நேராக உங்கள் கண்ணுக்கு வருகிறது. அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் அப்பால் பட்ட ஒளி உங்கள் தலைக்கு மேலே போய்விடும், இப்பால் பட்டது கண்ணுக்குக் கீழே, மார்பில் விழும். வலப்பக்கம் பட்டது உங்களுக்கு வலப்பக்கமாக விலகிப் போகும். இப்படித் தப்பிப் போகும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிட வேண்டுமானால் சரியான திசையில் கிடக்கும் கீறல் வேண்டும். தலைக்கு மேலே போவதைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது அல்லவா, அதற்குக் குறுக்காக, இடமிருந்து வலமாகக் கிடக்கும் கீறல்தான் உதவும், ஏனென்றால் கீறல் ஒளியைத் தன் குறுக்குவாட்டில் மட்டுமே வளைக்கும். வலப்பக்கம் விலகுவதைத் திருப்ப, முன்பின்னாக ஓடும் கீறல் வேண்டும். மூலைவிட்டமாக இருக்கும் இடங்களில் அதற்கேற்ற சாய்வில் கிடப்பவை.

இவற்றை ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். நடுவில் சூரியன், மேலும் கீழும் கிடைக்கோடுகள், இடமும் வலமும் செங்குத்துக் கோடுகள், இடையில் சாய்ந்த கோடுகள். வட்டம் வந்துவிட்டது! பானெட்டில் கீறல்கள் கண்ட திசையில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் பிம்பத்தைச் சுற்றும் வாக்கில் அமைந்தவற்றை மட்டும் உங்கள் கண் பொறுக்கி எடுக்கிறது, மற்றவை இருட்டில் இருந்துகொள்கின்றன. துணியை நேர்கோட்டிலேயே இழுத்திருந்தாலும், வாரம் ஒரு திசையில் இழுத்திருந்தால் இதே வலை தெரியும்.

மைத்துனர் நம்பாவிட்டால் ராத்திரியில் மொபைல் டார்ச்சை பானெட்டுக்கு மேலே பிடித்து நகர்த்திக் காட்டுங்கள். வெளிச்சம் நகர நகர வலையும் கூடவே நகரும். உண்மையிலேயே வட்டமாகக் கீறியிருந்தால் அது இருந்த இடத்தில் அல்லவா இருக்கும்? கார் இல்லாதவர்கள், தினமும் சாம்பலோ ஸ்க்ரப்பரோ போட்டுத் தேய்த்த வழவழப்பான எவர்சில்வர் தட்டில் செய்து பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒளி எதிரொளிப்புப் பாடத்தை ஆரம்பிக்க இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

நிழலில் வலை மறைவதும் இதனால்தான். மேகமூட்டத்திலும் நிழலிலும் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, எந்தக் கீறலும் தனித்து மின்ன வழியில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மத்தியான வெயிலில் போய்ப் பாருங்கள். மழை பெய்து நனைந்த வண்டியை நம்பவே வேண்டாம். காற்றிலிருந்து கிளியர் கோட்டில் நேராகப் பட்ட ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பும். கீறலுக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டால், தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கிளியர் கோட்டுடையது 1.5 அளவில், வித்தியாசம் குறைந்து அந்த 4 சதவீதம் 0.4க்கும் கீழே போய்விடுகிறது. கீறல் அங்கேயே இருக்கும், மின்னாது. கருப்பு வண்டியில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது என்றால், அடியில் இருக்கும் கருப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது, அந்த 4 சதவீதம் மட்டும் தனியாக நிற்கிறது. வெள்ளை வண்டியின் கீறல்கள் வெள்ளையின் வெளிச்சத்தில் கரைந்துபோகும். எண்ணிக்கையில் அவை குறைவு என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீர் செய்யும் இந்த வேலையைத்தான் சில பாலிஷ்களும் செய்கின்றன. அவற்றில் இருக்கும் எண்ணெயும் மெழுகும் பள்ளத்தை நிரப்புகின்றன, ஒளிவிலகல் எண் கிளியர் கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக இருப்பதால் வலை மாயமாகிவிடும். இரண்டு மூன்று வாஷில் நிரப்பியது போனதும் வலை திரும்பி வரும். பணம் வாங்கியவர் அப்போது, "மறுபடி கீறிட்டீங்களே அண்ணே" என்பார்.

உண்மையான திருத்தம் என்பது பள்ளத்தை நிரப்புவதல்ல, சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்குவது. நல்ல டீட்டெயிலிங் கடையில் முதலில் நன்றாகக் கழுவுவார்கள், பிறகு களிமண் போன்ற கிளே பாரை வழுக்கும் திரவத்தோடு தேய்த்து ஒட்டிய துகள்களை எடுப்பார்கள். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்க ஒரு திரவம் அடிப்பார்கள், அது ஊதா நிறமாக வழியும். அதிலிருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. அதற்குப் பிறகுதான் மெஷின். அதன் ஸ்பாஞ்ச் பேடு சுழன்றுகொண்டே ஊசலாடவும் செய்யும், அதனால் ஒரே இடம் சூடேறாது. பாலிஷில் இருக்கும் நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு இரண்டு மூன்று மைக்ரான் கிளியர் கோட்டைச் சீவி எடுத்துவிடும்.

இரண்டு மூன்று மைக்ரான்தானே என்று தோன்றும். இருப்பதே 35 முதல் 50 என்பதையும், புறஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வருடா வருடம் தீபாவளிக்கு ஒரு தடவை ரப்பிங் பாலிஷ் போடுவது வண்டிக்குச் செய்யும் சேவை அல்ல. நகம் மாட்டும் ஆழமான கீறலை மெஷினால் எடுக்க முயலவும் கூடாது, அது பெயிண்ட் தொட்டு வைத்து அடைக்கும் டச்சப் வேலை. மெஷினைத் தொடும் முன் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்காத கடைக்கு நான் வண்டியை விடமாட்டேன்.

இனி செராமிக். இந்தத் திரவங்களில் பெரும்பாலும் சிலிக்கான் சேர்மங்கள் இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கிளியர் கோட்டின் மேல் மெல்லிய, சிலிக்கா நிறைந்த படலமாக இறுகும். தண்ணீர் ஒட்டாது, அழுக்கு சுலபமாகப் போகும், மெழுகைவிட நீண்ட நாள் நிற்கும். இதெல்லாம் நிஜம், நல்லதும்கூட. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் '9எச்' என்பதைக் காட்டிக் கீறலே விழாது என்று விற்கிறார்கள். அந்த 9எச் என்பது பென்சில் அளவு. 9எச் பென்சிலால் குறிப்பிட்ட அழுத்தத்தில் தள்ளினால் கீறல் விழவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மோஸ் அளவுகோலில் 9 என்றால் குருந்தம், அதாவது மாணிக்கமும் நீலமும். இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மணவாளக்குறிச்சி மணல் ஒன்றும் பென்சில் அல்ல. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்த 9எச்சுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். எலுமிச்சையாவது சில்லறையில் முடிந்துவிடும், பெயிண்டையும் தொடாது. பானெட்டின் மேலேயே சூடம் கொளுத்துவதை மட்டும் தயவுசெய்து தேங்காய்க்கு மாற்றிக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆக, கோட்டிங் அடித்தாலும் கழுவும் முறைதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். கை படுவதற்கு முன் தண்ணீரைப் பீச்சி மணலை இறக்கிவிடுங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழே வாருங்கள், கதவின் அடிப்பகுதிதான் மணல் அதிகம், அது கடைசி. ஒர்க்‌ஷாப் பனியன் வேஸ்ட் கையைத் துடைக்க மட்டும். மைக்ரோஃபைபர் துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. வெயிலில் கழுவாதீர்கள், ஆனால் எல்லோரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல. நீர்த்துளி லென்சாகி பெயிண்டைச் சுடும் என்பது கதை, தகட்டோடு ஒட்டிக்கிடக்கும் துளியின் குவியம் பெயிண்டுக்கு வெகு கீழே விழும். கெடுப்பது வேறு. கடலோர ஊர்களில் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணமும் அதிகம், துளி காய்ந்தால் அவை வளையமாகத் தங்கிவிடும். கோட்டிங் அடித்த வண்டியில் தண்ணீர் துளித்துளியாகத் திரண்டு நிற்பதால் இந்தத் தொல்லை கூடவே செய்யும். கழுவிய கையோடு துடைத்துவிட வேண்டும்.

குளச்சல், முட்டம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பளபளப்பைவிடத் துருதான் பெரிய கவலை. கல் தெறித்துத் தகடு வெளியே தெரியும் இடத்தில் உப்புக்காற்றின் குளோரைடு நுழைந்தால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு பரவும். சக்கர வளைவின் உட்புறத்தையும் கதவடித் துளைகளையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், மேலே போடும் பாலிஷ் அப்புறம். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், மண்டபத்தின் கடற்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்தி வைத்துத் துருவை அளந்திருக்கிறார்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சினை எரித்துச் சோதித்தால் தலைப்புச் செய்தி, மண்டபத்தில் தகடு துருப்பிடித்தால் யார் எழுதப் போகிறார்கள்? படகு, பாலம், மின்கம்பம் என்று கடலோரத்தில் நாம் துருவுக்குக் கட்டும் அபராதத்தைப் பார்த்தால், இந்த மாதிரி மெதுவான ஆராய்ச்சிக்கு இன்னும் பல மடங்கு பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகர் கேட்காத ஒன்று. வண்டியைச் சக்கை (பலா) மரத்தடியில் நிறுத்துவீர்கள் என்றால் பறவை எச்சத்தை நாள் கடத்தாதீர்கள். வெயிலில் கருப்புத் தகடு கொதிக்கும்போது கிளியர் கோட் இளகும், எச்சம் காய்ந்து சுருங்கும், அதிலிருக்கும் அமிலமும் தன் பங்குக்கு வேலை செய்யும். மூன்றும் சேர்ந்து விட்டுப்போகும் தடத்தை மெஷினால்தான் எடுக்க முடியும், சில நேரம் அதாலும் முடியாது. காய்ந்ததைச் சுரண்டவும் கூடாது, அதற்குள் மணல் இருக்கும். நனைந்த துணியை மேலே போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அப்படியே தூக்குங்கள்.