'குற்றத்தை ஒப்புக்கொண்டார்'னு நியூஸ் வந்துட்டா கேஸ் முடிஞ்சுதா?

பெரிய கொலை கேஸ் ஏதாவது நடந்தா ரெண்டாவது நாளே டிவில ஓட ஆரம்பிச்சிடும், "கைதானவர் பரபரப்பு வாக்குமூலம்"னு. எப்படி கொன்னான், எங்க பொதைச்சான், அப்புறம் எந்தக் கடையில டீ குடிச்சான்ங்கிற வரைக்கும் எல்லாம் வரும். ஏழெட்டு வருஷம் கழிச்சு அதே ஆளு விடுதலை ஆனா, அவனே ஒத்துக்கிட்டானே சார், கோர்ட்டு எப்படி விட்டுச்சு, எவ்ளோ கை மாறுச்சுன்னு கேக்குறாங்க. நான் க்ரிமினல் சைடு ப்ராக்டிஸ் பண்றவன், கல்யாண வீட்டு பந்தியில உக்காந்தாலும் இதே கேள்விதான்.

போலீஸ்கிட்ட கொடுக்குற ஒப்புதல் வாக்குமூலம், ஒத்துக்கிட்டவன் குற்றவாளின்னு நிரூபிக்க கோர்ட்ல செல்லவே செல்லாது. 1872ல வெள்ளைக்காரன் போட்ட சாட்சியச் சட்டத்தோட 25வது பிரிவு இது, அவன் வச்ச போலீஸ் மேல அவனுக்கே அவ்ளோதான் நம்பிக்கை. 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம் வந்து அது 23வது பிரிவா ஆயிடுச்சு, நம்பர் மாறிச்சு, விஷயம் மாறல. ஒரு விலக்கு மட்டும் உண்டு. "கத்தியை முள்ளுக்காட்டுல போட்டிருக்கேன், வந்தா எடுத்துத் தரேன்"னு சொல்லி அதே மாதிரி எடுத்துக் கொடுத்தா அந்த ஒரு துண்டு மட்டும் நிக்கும். "அதால நான்தான் குத்தினேன்"ங்கிற பாதி நிக்காது. அதனாலதான் நாங்க வாங்குற கேஸ் கட்டுல பாதிக்கு மேல "என்னை அழைத்துச் சென்றால் அடையாளம் காட்டுகிறேன்"னு ஒரே அச்சுல ஒரு வரி இருக்கும், பொருளைக் கைப்பற்றினப்ப எழுதுற மஹஜர்ல சாட்சிக் கையெழுத்து யாருதுன்னு பாத்தா விஏஓவும் தலையாரியும்.

மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொடுக்குறது வேற, அது செல்லும், பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துல 164வது பிரிவு வாக்குமூலம்னு சொல்வோம். நீ சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொன்னா உனக்கு எதிரா வரும்னு அவர் எச்சரிச்சு, யோசிக்க டைம் கொடுத்து, அப்புறம்தான் எழுதணும்.

இந்தப் பாதுகாப்பை எடுத்துட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா தடாங்கிற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைப் பாருங்க, 1995ல காலாவதி ஆயிடுச்சு. அதுல எஸ்.பி. ரேங்க்ல உள்ளவர் பதிவு பண்ணின வாக்குமூலமே சாட்சியமா செல்லுச்சு. ராஜீவ் காந்தி கொலை வழக்குல 1998 ஜனவரில பூந்தமல்லி தனி கோர்ட் 26 பேருக்கும் தூக்குன்னு சொல்லிடுச்சு, அடுத்த வருஷம் மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதுல 19 பேரை விட்டுச்சு, 4 பேருக்கு தூக்கு, 3 பேருக்கு ஆயுள். அந்த 4 பேர்ல ஒருத்தர் பேரறிவாளன், கைதாகும்போது 19 வயசு. குண்டுல வச்சதா சொன்ன பேட்டரியை வாங்கிக் கொடுத்தார்ங்கிறதுதான் அவர் வாக்குமூலத்துல முக்கியமான விஷயம், ஆனா எதுக்குன்னு தெரியாதுன்னு அவர் சொன்னதை நான் அதுல எழுதலைன்னு அதைப் பதிவு பண்ணின சிபிஐ அதிகாரியே 2013ல வெளிப்படையா சொன்னார். ஒரு வரி விட்டுப்போச்சு, அவ்ளோதான். 2014ல தூக்கு ஆயுளாச்சு, 2022 மே 18ல சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணுச்சு, உள்ள போனது 1991ல. அந்தக் கேஸ்ல உங்க அரசியல் எதுவா வேணா இருக்கட்டும், நான் சொல்றது அந்த வரியைப் பத்தி மட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, இதுதான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம். 2017ல முகலிவாக்கத்துல ஒரு சின்னக் குழந்தையோட கொலை. ஊரே கொந்தளிச்சுது, 2018 பிப்ரவரில செங்கல்பட்டு மகளிர் கோர்ட் தூக்கு கொடுத்துச்சு, ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு, எவ்ளோ ஸ்பீடுன்னு எல்லாரும் பாராட்டினாங்க. 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அந்த ஆளை விடுதலை பண்ணிடுச்சு. குற்றச்சாட்டு பதிவு பண்றப்ப அவனுக்கு வக்கீலே இல்ல, அப்புறம் லீகல் எய்ட்ல ஒருத்தரைப் போட்டு சில நாள்லயே சாட்சி விசாரணைய ஆரம்பிச்சிட்டாங்க, குற்றவாளின்னு சொன்ன அன்னைக்கே தண்டனையும். சிசிடிவில பாத்தோம்னு போலீஸ் சொன்னாங்க, அந்தப் பதிவு ஒழுங்கா கோர்ட்டுக்கு வரல. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நல்ல வக்கீல் எதுக்குன்னு கேக்குறவங்க இந்தத் தீர்ப்பைத்தான் முதல்ல படிக்கணும், முதல் நாளே வக்கீல் கொடுத்திருந்தா, வீடியோவை முறையா எடுத்து எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கான சான்றிதழோட கொடுத்திருந்தா இந்தக் கேஸ் எந்தப் பக்கம் முடிஞ்சிருந்தாலும் அந்தக் குழந்தையோட அப்பா அம்மாவுக்கு ஒரு பதிலாவது கிடைச்சிருக்கும். இப்ப அதுவும் இல்ல.

2016 நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் கொலைலயும் கைதானவன் விசாரணைக்கு முன்னாடியே புழல் சிறையில செத்துட்டான். அவன்தான் செஞ்சான்னு எந்தக் கோர்ட்டும் சொன்னதில்ல, சேனல்கள் மட்டும்தான் சொல்லுச்சு.

சாத்தான்குளம் மறந்திருக்க மாட்டீங்க. 2020 ஜூன்ல அப்பாவும் மகனும் ஸ்டேஷன்ல அடி வாங்கி, ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறையில இருந்து ஆஸ்பத்திரிக்குப் போயி அடுத்தடுத்து செத்தாங்க. ஹைகோர்ட் மதுரைக் கிளை தானாவே கையில எடுத்து மாஜிஸ்ட்ரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்புச்சு. ஹார்ட் டிஸ்க்ல இடம் நிறைய இருந்தும் கேமரா பதிவு தினமும் தானா அழியுற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்கன்னு அவர் ரிப்போர்ட் கொடுத்தார். உள்ள நடந்ததைத் தைரியமா சொன்னது அங்க டூட்டில இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவு 18 மாசம், முடியலைன்னா குறைஞ்சது ஒரு வருஷமாவது இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. ஆனா உங்க வீட்டாளுக்கு ஸ்டேஷன்ல ஏதாவது ஆச்சுன்னா உடனே தேதி, நேரம் குறிச்சு, அந்தப் பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி எழுத்துல மனு கொடுத்துடுங்க, யாராவது கேப்பாங்கன்னு உக்காந்திருக்காதீங்க.

ரிமாண்டுக்குக் கொண்டு போறப்ப மாஜிஸ்ட்ரேட் "போலீஸ் அடிச்சாங்களா"ன்னு கேப்பார். பக்கத்துல போலீஸ் நிக்கிறாங்கன்னு பயந்து இல்லைன்னு தலையாட்டிட்டு, ஆறு மாசம் கழிச்சு ஜாமீன் மனுல அடிச்சாங்கன்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க, அங்கயே காயத்தைக் காட்டுங்க, காட்டினா அவர் எழுதியாகணும்.

பாதிக்கப்பட்ட பக்கம் இருக்கீங்கன்னா வாய்ல சொல்லிட்டு வந்துடாதீங்க. எப்ஐஆர் காப்பி இலவசம், கேட்டு வாங்குங்க. கேஸ் போட மாட்டேன்னா புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி அந்த ரசீதையும் டெலிவரி ஆனதுக்கான ஆதாரத்தையும் பத்திரமா வச்சுக்கோங்க, அடுத்து மாஜிஸ்ட்ரேட்கிட்ட போறப்ப உங்க வக்கீல் முதல்ல கேக்கப்போறது அதைத்தான்.