கட்டான்: பகடையைக் கட்டிப்போட்ட கணக்கு

தாயம் விழாமல் வெளியே காத்துக் கிடப்பதுதான் பகடை ஆட்டங்களின் பழைய எரிச்சல். ஜெர்மனியில் பல்செட் செய்யும் தொழிலில் இருந்த க்ளாஸ் டாய்பர், 1995இல் வெளியிட்ட கட்டான் ஆட்டத்தில் அதை ஒழித்துக்கட்டினார். பகடையை யார் உருட்டினாலும் விளைச்சல் எல்லோருக்கும் கிடைக்கலாம்.

பலகையில் 19 அறுகோணங்கள். காடு, மேய்ச்சல் நிலம், வயல் தலா 4, செங்கல் மேடு, மலை தலா 3, பாலைவனம் 1. பாலைவனம் தவிர மற்றவற்றின் மேல் ஓர் எண் இருக்கும். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணானால், அதன் முனையில் வைத்த குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் அந்த நிலம் தரும் பொருளின் ஓர் அட்டை. எண்ணுக்குக் கீழே உள்ள புள்ளிகள், 36 வாய்ப்புகளில் அதற்கு எத்தனை என்று காட்டுகின்றன: 6, 8க்கு ஐந்து; 5, 9க்கு நான்கு; 2, 12க்கு ஒன்றே ஒன்று.

புதியவர்கள் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு இடம் பிடிப்பார்கள். அது போதாது. 6, 5, 9 சந்திக்கும் முனைக்கு 13 புள்ளி. 6, 9, 9 சந்திக்கும் முனைக்கும் அதே 13. ஆனால் நால்வர் ஆட்டத்தில் ஒரு சுற்று முழுக்க, அதாவது நான்கு உருட்டலிலும், வெறுங்கையாக இருக்கும் வாய்ப்பு முதலாவதில் சுமார் 17 சதவீதம், இரண்டாவதில் 32 சதவீதம். 9 விழுந்தால் இரட்டை வரவுதான்; ஆனால் தொடக்கத்தில் வறட்சியைத் தாங்கும் இருப்பு யாரிடமும் இருக்காது.

எந்த நிலத்திலும் எழுதப்படாத 7தான் மிக அதிகமாக விழும். விழுந்ததும், கையில் ஏழுக்கு மேல் அட்டை வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும். இரண்டு சாலை போட்டு ஒரு குடியிருப்பு அமைக்க செங்கல் 3, மரம் 3, கம்பளி 1, தானியம் 1. மொத்தம் எட்டு! முழுதாகச் சேர்த்துவிட்டுக் கட்டலாம் என்று உட்கார்ந்திருந்தால் நான்கு போய்விடும். ஒரு சுற்றுக்குள் 7 விழும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். ஆகவே செங்கல் ஒன்று, மரம் ஒன்று என்று இரண்டு அட்டை கிடைத்ததுமே ஒரு சாலையைப் போட்டுவிடுவது நல்லது.

வங்கியில் பொதுவாக ஒரே வகை அட்டை நான்கு கொடுத்தால்தான் வேறு வகை ஒன்று கிடைக்கும். அதனால் எதிராளியோடு பேரம் பேசியே ஆக வேண்டும். இந்த ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது: பேரம் பேசாத மேசையில் கட்டான் வெறும் குலுக்கல் சீட்டு.

ஏற்கெனவே மூன்று முறை ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதை வாங்கியிருந்த டாய்பருக்குக் கட்டானும் அதைப் பெற்றுத் தந்தது. பிற்பாடு பல்செட் தொழிலை விட்டு முழுநேரமும் ஆட்ட வடிவமைப்பில் இறங்கினார், 2023இல் காலமானார். யாரையும் பாதியில் வெளியேற்றாத ஜெர்மானிய வகை ஆட்டங்கள் அமெரிக்கச் சந்தையில் பரவியதில் கட்டானுக்குப் பெரும்பங்கு உண்டு.

பகடையைத் திட்டுபவர்களுக்காக, அதற்குப் பதிலாக எடுக்கும் 36 நிகழ்வு அட்டைகளும் பின்னர் வந்தன. 36 வாய்ப்புகளுக்கும் ஒவ்வோர் அட்டை. கடைசி ஐந்தை மட்டும் பார்க்காமலேயே மறுபடி கலைத்துவிட வேண்டும். இல்லையென்றால் விழுந்ததை எண்ணிக்கொண்டே வருபவர் அடுத்து வருவதைச் சொல்லிவிடுவார்.